விபத்துக் காயத்துக்கு எவ்வளவு கேட்பது நியாயம்? கணக்கைப் போடும் முறை

கையில் மாவுக்கட்டு காய்வதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்துவிடும். இல்லையென்றால் மோதியவரின் உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "கேஸெல்லாம் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாமே" என்பார். ஒரு தொகையும் சொல்வார். பில் கட்டப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். அது உண்மையிலேயே பெரிதா, சிறிதா என்று சொல்ல வேண்டுமானால் உங்கள் கையில் இன்னொரு எண் இருக்க வேண்டும். நீங்களே உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்த எண். அதைப் போடத் தெரியாததால் நியாயமாக வர வேண்டியதில் பாதிகூடக் கிடைக்காமல் போகிறவர்கள் ஏராளம். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நியூசிலாந்தில் 1974 முதல் யார்மேல் தவறு என்று பார்க்காமலே அரசு அமைப்பு ஒன்று விபத்துக் காயங்களுக்குப் பணம் தருகிறது. அதனால் மோதியவர்மீது காயத்துக்காக நஷ்டஈட்டு வழக்குப் போடுவது அங்கே பொதுவாக இல்லை. இந்தியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் தவறு செய்தவர் தர வேண்டும், அவருக்காக அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி தரும். எவ்வளவு தர வேண்டும் என்பதற்கான அடிப்படை 1880லேயே, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் சொன்னதுதான்: அந்தத் தவறு நடக்காமலே இருந்திருந்தால் அவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தமட்டும் அந்த நிலையில் அவரை வைக்க வேண்டும். ஆகவே கேள்வி "இந்த எலும்பு முறிவுக்கு என்ன ரேட்" என்பதல்ல. "இந்த விபத்தால் என்னிடமிருந்து என்னென்ன போயிற்று, இனிமேல் என்னென்ன போகும்" என்பதுதான்.

உடம்பு ஒரு நிலைக்கு வரும்வரை தொகை பேசாதீர்கள்

முதல் மாதத்தில் போடும் கணக்கு எதுவும் சரியாக இருக்காது. காரணம் எளிது: காயம் எங்கே போய் நிற்கும் என்று அப்போது டாக்டருக்கே தெரியாது. எலும்பு கூடிவிடும், ஆனால் மூட்டு மடங்குமா என்பது பிசியோதெரபி முடிந்த பிறகுதான் தெரியும். நரம்பு அறுந்து தைத்திருந்தால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கைக்குப் பக்கத்தில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்ட ஒரு வருடம் ஆகிவிடும். விரலில் உணர்வு திரும்புமா இல்லையா என்று தெரியாத மூன்றாம் மாதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், திரும்பாமல் போன விரலுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறீர்கள்.

தலையில் அடிபட்டவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மறதி, எரிச்சல், ஒரு வேலையில் மனம் நிற்காமை இதெல்லாம் வீட்டுக்கு வந்து இயல்பு வாழ்க்கைக்குத் திரும்ப முயலும்போதுதான் வெளியே தெரியும். அதுவும் பெரும்பாலும் அடிபட்டவருக்குத் தெரியாது, வீட்டிலிருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காத்திருப்பது தொகை பேசுவதற்கு மட்டும்தான், மனுப் போடுவதற்கு அல்ல. காலக்கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருடம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தத்தால் 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்கள் ஊரில் கெடு எவ்வளவு என்பதை முதல் வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, காலண்டரில் குறித்துவிடுங்கள். மனுவை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, தொகையை நிதானமாகப் பேசலாம்.

காகிதம்: இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை

முதன்முதலில் பார்த்த டாக்டர் எழுதியதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கால் உடைந்த வலியில் தோள்பட்டை வலியைச் சொல்லாமல் விட்டிருப்போம். ஆறு வாரம் கழித்துத் தோளைத் தூக்க முடியவில்லை என்று ஸ்கேன் எடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, "அன்றைய குறிப்பில் தோள் என்ற வார்த்தையே இல்லையே?" அதனால் சின்ன வலியானாலும் சொல்லி எழுத வைக்க வேண்டும். ஏற்கெனவே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டீர்களா? டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாகப் படியுங்கள். இடது, வலது மாறியிருப்பதும், விபத்து என்பதற்குப் பதிலாகக் "கீழே விழுந்தார்" என்று மட்டும் இருப்பதும் நடக்கிற விஷயம்தான். அப்படி இருந்தால் உடனே எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

போலீஸ் பதிவின் நகல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, பில், பிசியோதெரபிக்குப் போய்வந்த வண்டிச் செலவு எல்லாம் ஒரே கோப்பில் தேதிவாரியாக இருக்கட்டும். வீக்கம், தையல், கட்டு, கையில் ஊன்றுகோல் என்று வாரம் ஒரு போட்டோ எடுங்கள். ஆறினபிறகு எடுத்த போட்டோவில் தழும்பு மட்டும்தான் தெரியும், நீங்கள் பட்ட பாடு தெரியாது.

இதோடு ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள், ஆனால் பின்னால் வலிக்கும் வேதனைக்கும் தொகை பேசும்போது உங்களுக்காகப் பேசக்கூடியது இதுதான். "வலி அதிகம்" என்று எழுதினால் பயனில்லை. "மாடிக்கு ஏறும்போது நான்காவது படியில் நின்றுவிட்டேன், மகள் வந்து கையைப் பிடித்தாள். இரவு இரண்டு முறை வலியில் விழித்தேன். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை" என்று எழுதினால், படிப்பவருக்கு அந்த நாள் கண்முன் வரும். நல்லபடியாக இருந்த நாளையும் அப்படியே எழுதுங்கள். எல்லா நாளும் ஒரேபோல் மோசம் என்று எழுதிய நோட்டை யாரும் நம்புவதில்லை.

போன பணம்

இது சுலபமான பகுதி. மருத்துவச் செலவைப் பில்லை வைத்துக் கூட்டிவிடலாம். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்துக்கு அலுவலகக் கடிதமும் வங்கிக் கணக்கும் போதும். விட்டுப்போகிறவை சில உண்டு: ஓவர்டைம், கிடைக்காமல் போன போனஸ், கைவிட்டுப்போன ஒப்பந்தம், உங்களைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்த கணவர் அல்லது மனைவியின் சம்பளம். சேர்த்துவைத்த விடுப்பை எடுத்ததால் சம்பளம் பிடிக்கவில்லை என்றால் நஷ்டமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தீர்ந்துபோன அந்த விடுப்பும் உங்கள் சொத்துதான், அதையும் கேட்டுப்பாருங்கள்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்குத்தான் இங்கே சிக்கல், சம்பளச் சீட்டு இருக்காது. வரிக் கணக்கு இருந்தால் அதுவே வலுவானது. இல்லாவிட்டால் வங்கியில் விழுந்த பணம், ஆர்டர் நோட்டு, வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் செய்திகள், அதே வேலை செய்யும் இன்னொருவரின் சாட்சியம் என்று சேர்த்துக் காட்டலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வருமானம் இல்லை, அதனால் வருமான இழப்பும் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வீட்டு வேலைக்குப் பண மதிப்பு உண்டு, அதை ஒரு வருமானமாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு உயிரிழப்பு வழக்கில் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது.

ஊனச் சதவீதம் வேறு, உழைப்பு இழப்பு வேறு

மொத்தக் கணக்கிலும் பெரிய தொகை இங்கேதான் இருக்கிறது. ஏமாறுவதும் இங்கேதான். தயவுசெய்து இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

டாக்டர் "20 சதவீத ஊனம்" என்று சான்றிதழ் தருவார். முதலில் அது எதில் 20 சதவீதம் என்று கேளுங்கள். அந்தக் காலுக்கு மட்டும் 20 சதவீதமா, முழு உடம்புக்கும் 20 சதவீதமா? இரண்டும் ஒன்றல்ல. ஒரு காலில் 45 சதவீதம் என்பது முழு உடம்பில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். சான்றிதழில் இது தெளிவாக இல்லாவிட்டால், பின்னால் எதிர்த்தரப்பு அதைத் தனக்குச் சாதகமாகத்தான் படிக்கும்.

இரண்டாவது விஷயம் அதைவிட முக்கியம். டாக்டர் சொல்வது உடம்பின் சதவீதம். உங்கள் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் உங்கள் வேலையில் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் தந்த தீர்ப்பு ஒன்று இதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறது: ஒருவருக்கு இடது கை போய்விட்டது, ஊனம் 60 சதவீதம் அளவு. அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்து, அந்த வேலையைச் செய்யவே முடியாமல் போனால் வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அவரே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து அதே வேலையில் தொடர்ந்தால், வருமான இழப்பு 60ஐவிட மிகக் குறைவு. அவருக்கு வாழ்க்கை வசதிகளை இழந்ததற்கான தொகை தனியாக உண்டு.

இதைக் கணக்காகப் பார்ப்போம். தரையில் ஓடு பதிக்கிற ஒருவர், வயது 34, மாத வருமானம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். பணம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். விபத்தில் முழங்கால் உடைந்து கூடிவிட்டது. நன்றாக நடக்கிறார், ஆனால் கால் முழுக்க மடங்கவில்லை. சான்றிதழ் முழு உடம்புக்கு 20 சதவீதம் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தக் கால் பெரிய தடையில்லை. இவருக்கோ முட்டி போட்டும் குத்துக்காலிட்டும் உட்காராமல் ஒரு ஓடுகூடப் பதிக்க முடியாது. கலவை போடுவது, மேற்பார்வை பார்ப்பது என்று வேறு வேலைக்குப் போகலாம், ஆனால் கூலி பாதிக்கும் கீழே. இழப்பு 60 சதவீதம் என்று வாதிடுவது நியாயம்.

இப்போது தொகை. வருட வருமானம் 2,40,000. வயது ஏற ஏற வருமானமும் உயர்ந்திருக்கும் அல்லவா, அதற்காகக் குறிப்பிட்ட சதவீதம் சேர்ப்பது உண்டு. 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்பவருக்கு 40 சதவீதம் சேர்க்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017இல் வகுத்தது. அது உயிரிழப்பு வழக்கு. காயம்பட்டவர்களுக்கும் இந்த உயர்வு பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக 3,36,000. இதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். இந்தியாவில் 2009 தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்கு 16. பெருக்கினால் 53,76,000. இதில் 20 சதவீதம் எடுத்தால் 10,75,200. 60 சதவீதம் எடுத்தால் 32,25,600. அதே கால், அதே சான்றிதழ். வித்தியாசம் 21 லட்சத்துக்கும் மேல். சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே போட்டு முடிக்கப் பார்ப்பவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்று இப்போது புரியும்.

60 வயதுவரை உழைக்க அவருக்கு 26 வருடம் இருக்கிறதே, பெருக்கெண் ஏன் 16 என்று கேட்கலாம். 26 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய பணம் இன்றைக்கே மொத்தமாகக் கைக்கு வருகிறது, வட்டி ஈட்டும். வாழ்க்கையில் வரக்கூடிய வேறு தடைகளையும் சேர்த்துத்தான் குறைக்கிறார்கள். இங்கிலாந்தில் இந்தப் பெருக்கெண்களுக்கென்று ஆக்டன் அட்டவணைகள் உண்டு. அதில் எந்த வட்டி விகிதத்தில் கழிப்பது என்பதை அரசே அறிவிக்கிறது; விகிதம் குறைந்தால் கழிவு குறையும், தொகை கூடும். 2001 முதல் 2.5 சதவீதமாக இருந்தது 2017இல் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.75க்குப் போனது. 2019இல் மைனஸ் 0.25, 2025 ஜனவரி முதல் 0.5. கேட்பதற்குச் சின்ன எண்கள், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புத் தேவைப்படும் ஒருவருக்குக் கிடைக்கும் தொகையை இவை தலைகீழாக மாற்றிவிடும். உங்கள் நாட்டில் எந்த அட்டவணை, எந்த விகிதம் என்பதை இன்றைய நிலவரப்படி பாருங்கள்.

இந்தச் சதவீதத்தை நிரூபிக்க டாக்டரின் சாட்சியம் மட்டும் போதாது. உங்கள் வேலையில் உடம்பின் எந்த அசைவு எத்தனை நேரம் தேவை என்பதை நீங்கள் காட்ட வேண்டும். வேலை செய்யும் இடத்தில் எடுத்த ஒரு வீடியோ, முதலாளியின் ஒரு கடிதம், அப்புறம் டாக்டரிடம் வாங்கிய ஒரு வரி: "இவரால் இனி முழங்காலிட்டு வேலை செய்ய இயலாது." அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

இனிமேல் ஆகப்போகிற செலவு

உள்ளே வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். மூட்டுக்குள் போன முறிவு பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானமாக வரலாம். செயற்கைக் கால் ஒன்று வாழ்நாள் முழுக்க உழைக்காது, சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதனால் ஒரு காலின் விலையைக் கேட்டால் போதாது. குழந்தைக்கு என்றால் வளர வளர இன்னும் அடிக்கடி. இவற்றுக்கெல்லாம் டாக்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்க வேண்டும்.

பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் அதுவும் மாதச் செலவுதான், ஒரு முறை கொடுத்து முடிகிற தொகையல்ல. 12 வயதில் விபத்தில் சிக்கி மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் உதவியாளர் செலவையும் பெருக்கெண் முறையிலேயே கணக்கிட்டது. "எங்கள் அம்மாதானே பார்த்துக்கொள்கிறார், செலவு எங்கே" என்று விடாதீர்கள். சம்பளம் வாங்காமல் உறவினர் செய்யும் பணிவிடைக்கும் மதிப்பு உண்டு. இங்கிலாந்தில் 1994இல் பிரபுக்கள் சபை, அந்தத் தொகை பார்த்துக்கொண்டவருக்கே போய்ச் சேர வேண்டும் என்றுகூடச் சொன்னது.

வலிக்குத் தொகை

இதற்குச் சூத்திரம் கிடையாது. மருத்துவ பில்லை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கினால் வந்துவிடும் என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். இலவச மருத்துவமனையில் நான்கு மாதம் படுத்திருந்தவருக்குப் பில் கிட்டத்தட்ட பூஜ்யம். அவருடைய வலியும் பூஜ்யம் என்று அந்தச் சூத்திரம் சொல்லும்.

நம்பகமான வழி ஒன்றுதான்: உங்களைப் போன்ற காயத்துக்கு உங்கள் பகுதி நீதிமன்றங்கள் சமீபத்தில் எவ்வளவு கொடுத்திருக்கின்றன என்று பார்ப்பது. வயது, ஆஸ்பத்திரியில் இருந்த நாள், ஆபரேஷன்களின் எண்ணிக்கை, மிஞ்சிய குறை இவை ஒத்துப்போகும் நாலைந்து தீர்ப்புகள் கிடைத்தால் ஒரு வரம்பு தெரிந்துவிடும். தீர்ப்பு பழையது என்றால் விலைவாசி உயர்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் உடல் உறுப்புவாரியாக இந்த வரம்புகளைப் புத்தகமாகவே தொகுத்திருக்கிறார்கள். 2021 மே 31 முதல் அங்கே இரண்டு வருடத்துக்குள் ஆறிவிடும் கழுத்துக் காயங்களுக்கு நிர்ணயத் தொகையும் வந்துவிட்டது. வலியோடு, இழந்த வாழ்க்கையும் தனித் தலைப்பாக வரும்: ஓடி விளையாட முடியாதது, குழந்தையைத் தூக்க முடியாதது, திருமண வாய்ப்பு குறைந்தது, முகத்தில் தழும்பு. இங்கேதான் அந்த நோட்டு கை கொடுக்கும்.

கழிக்கச் சொல்வார்கள்

விபத்தில் உங்கள் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்குக்குத் தொகை குறையும். தவறில் கால் பங்கு உங்களுடையது என்றால் கால் பங்கு தொகை போகும். சீட் பெல்ட் போடாததற்கு இங்கிலாந்தில் 1975இல் ஒரு வழக்கு வகுத்த அளவு இன்றும் பேசப்படுகிறது: போட்டிருந்தால் காயமே ஆகியிருக்காது என்றால் 25 சதவீதம் கழிவு, காயம் வெகுவாகக் குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதம், போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் கழிவே இல்லை.

அந்தக் கடைசிப் பகுதியை மறக்காதீர்கள். விதியை மீறினீர்கள் என்பது மட்டும் போதாது, அந்த மீறலால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் கூடியது என்று காட்ட வேண்டும். இருசக்கர வாகனத்தில் மூன்று பேர் போன ஒரு வழக்கில் 2020இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஹெல்மெட் போடாதவருக்கு உடைந்தது கால் என்றால், ஹெல்மெட்டுக்காக அந்தக் காலின் தொகையைக் குறைப்பது என்ன நியாயம்? இதைத் துணிந்து கேளுங்கள்.

அவர்கள் சொல்லும் தொகையைப் படிப்பது

இப்போது உங்கள் எண் கையில் இருக்கிறது. செலவு, போன சம்பளம், வரப்போகிற வருமான இழப்பு, வரப்போகிற செலவு, வலி, இழந்த வாழ்க்கை, கழிவு என்று ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரக் காகிதத்தின் எண்ணைக் குறியுங்கள். ஆதாரம் இல்லாத வரி எது என்று உடனே தெரிந்துவிடும், அதைத் தேடுவதுதான் அடுத்த வேலை.

இதே தலைப்புகளின்படி எதிர்த்தரப்பும் தங்கள் தொகையைப் பிரித்து எழுத்தில் தரட்டும் என்று கேளுங்கள். மொத்தமாக ஒரு எண்ணைச் சொல்பவர் பிரித்துக் காட்டும்போதுதான், எதிர்கால வருமான இழப்பு என்ற வரியே அதில் இல்லை என்பது வெளியே வரும். வட்டியையும் கேளுங்கள். இந்தியாவில் மனுக் கொடுத்த நாளிலிருந்து வட்டி தர உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

"முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மூட்டு தேய்ந்தாலும் பெரும்பாலும் திரும்பிப் போய்க் கேட்க முடியாது. பணம் உடனடியாகத் தேவை என்றால் இடைக்காலத் தொகை கேட்க வழி இருக்கிறதா என்று பாருங்கள், பல நாடுகளில் இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் தொகையில் சதவீதமா, தனித் தொகையா என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணம் போக உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று பார்த்து, அதை வைத்துத்தான் சம்மதமா இல்லையா என்று முடிவெடுங்கள்.